மலேரியாக் கிருமியும் மண்ணீரலின் காவலும்

சங்கப் பணி நிமித்தம் நெசவாளர் குடியிருப்புகளுக்கும் வேளாண் கிராமங்களுக்கும் செல்லுங்கால், “காய்ச்சல் விட்டுவிட்டது; மருந்தை நிறுத்திவிட்டேன்” என்று அங்கத்தினர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். மலேரியாவைப் பொறுத்தவரை இஃது ஆபத்தான எண்ணமாகும். காய்ச்சல் நிற்பது வேறு. கிருமி நீங்குவது வேறு. இவ்வேற்றுமை விளங்க, இரத்தத்தினுள் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம்.

1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் இக்கிருமியைக் கண்டார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றிற் கண்டார். கொசுக்கடியால் உடலுட் புகும் கிருமி, முதலில் கல்லீரலிற் பெருகிப் பின்னர் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் குடியேறுகிறது. பால்சிபாரம், வைவாக்ஸ் ஆகிய இரு வகைகளும் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் அணுவைப் பிளந்து வெளிப்பட்டு, புதிய அணுக்களைப் பற்றுகின்றன.

இதற்கு உடலில் அமைந்த காவல், இடது விலாவின் கீழுள்ள மண்ணீரலாகும். சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் குறைவு. மண்ணீரலின் இடுக்குகளோ சுமார் 1 மைக்ரான் அகலமே உடையவை. நல்ல அணு வளைந்து நெளிந்து அவற்றினூடே சென்றுவிடும். கிருமி வளர்ந்த அணு விறைத்துப்போவதால், சல்லடையிற் கல் தங்குவதுபோல் தங்கிவிடும். அங்குள்ள விழுங்கணுக்கள் அதனை விழுங்கிச் செரித்துவிடும். மலேரியா நோயாளியின் மண்ணீரல் வீங்குவது, இவ்வேலை மிகுவதன் அடையாளமாகும்.

பால்சிபாரம் இக்காவலை ஏய்க்கவல்லது. அணுவின் மேற்புறத்தில் ஒட்டும் புரதத்தை உண்டாக்கி, மூளை முதலிய உறுப்புகளின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர்களிற் பற்றிக்கொள்கிறது. மண்ணீரலுக்குச் செல்லாமலே தப்புகிறது. குழாய்கள் அடைபட்டால் நினைவு தவறி உயிருக்கே ஆபத்து நேரலாம். பலமுறை நோயுற்றவர் உடலில் இவ்வொட்டுதலைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் நாளடைவில் உண்டாகின்றன. சிறு குழந்தைகளுக்கு அப்பாதுகாப்புப் போதிய அளவு இல்லை.

ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள், குழாய்ச் சுவரை அணு பற்றுமுன்னரே, இளங்கிருமியைக் கொல்லுகின்றன. அப்பொழுது மண்ணீரல், இறந்த கிருமியை மாத்திரம் பிதுக்கி எடுத்துவிட்டு அணுவை மீண்டும் இரத்தத்திற் செலுத்துகிறது. நூலை அறுக்காமல் பிசிரை நீக்கும் கைத்திறனை இஃது ஒக்கும். எனினும் அவ்வணுக்களின் ஆயுள் குறைவு. ஆதலால் கடுமையான மலேரியாவுக்கு ஊசி மருந்து பெற்றவர்கள், நலமடைந்த பின்னரும் சில வாரங்கள் இரத்தசோகை உண்டாவெனப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.

வைவாக்ஸ் கிருமியோ கல்லீரலில் உறங்கிக் கிடந்து, பல மாதங்களுக்குப் பின்னும் எழக்கூடும். மண்ணீரலின் காவல் அங்கே எட்டாது. அதற்காகவே பிரிமாக்குவின் மாத்திரை 14 நாட்களுக்குத் தரப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாதாகையால், மருத்துவர் சொற்படியே உட்கொள்ளல் வேண்டும்.

கடனிற் சிறிது நிலுவை வைத்தால் அது வட்டியோடு வளரும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். கிருமியின் நிலுவையும் அத்தகையதே. காய்ச்சல் கண்டதும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வீர்; கொடுத்த மருந்தைக் கடைசி மாத்திரை வரை உட்கொள்வீர்.