உப்பளத்துப் பிள்ளைகள் எழுதட்டும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டு. காடு சூழ்ந்த மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இந்த ஊரில்தான். இன்னும் மேலே கழுவெளி ஏரி. அதற்கப்பால் மரக்காணம் உப்பளம். பாத்தியில் உப்பு வாருபவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், முகாமிலிருந்து கூலி வேலைக்குக் கிளம்புகிறவர்கள் என இவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இந்தக் கரையோரப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

உப்புக்காரர் வீட்டுப் பிள்ளை தமிழ்க் கவிதைக்குப் புதிதல்ல. மரக்காணம்தான் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதே நூலில், கொற்கையைச் சொல்லுமிடத்தில், உப்பு வணிகரான உமணரின் வண்டியோடு வந்த மந்தியொன்று கிளிஞ்சலுக்குள் முத்துகளைப் போட்டு, உப்பு விற்கும் பெண்களின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அழகான காட்சி. ஆனால் பார்த்தவர், நூலைப் பாடிய நத்தத்தனார் என்கிற பெரியவர். அந்தப் பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கவிதை என்றாலே பள்ளியில் போட்டிதான். தாய், மரம், தமிழ் என்று தலைப்பு வரும். வீட்டில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிக்கும். கைதட்டலும் சான்றிதழும் கிடைக்கும். கவிதையில் மட்டும் பிள்ளையைக் காணோம்.

ஐந்தாம் வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்வோம். ‘அம்மா’ என்று தலைப்புக் கொடுத்ததும் ஒரு பிள்ளை, “அன்பின் வடிவம் அம்மா” என்று எழுதி நீட்டுகிறது. ஆசிரியை திருத்தவில்லை. “நேத்து சாயங்காலம் அம்மா அளத்துலேர்ந்து வந்ததும் முதல்ல என்ன செஞ்சாங்க?” என்று கேட்கிறார். “கால் கழுவுனாங்க டீச்சர். வெடிப்புல உப்பு ஏறிப்போச்சுன்னு தேங்காண்ணெ தடவுனாங்க. என்னைத் தொட வேணாம்னாங்க, கை எரியுமாம்.” “இதையே எழுது” என்கிறார். எதுகை மோனை பிறகு வரலாம். முகாம் பிள்ளையின் யாழ்ப்பாணப் பேச்சும் ஊர்ப் பிள்ளையின் பேச்சும் அதனதன் வாசனையோடு தாளில் இறங்கட்டும்.

இப்படி எழுத வைத்தவர் ஜப்பானின் முச்சாகு செய்க்யோ. இரண்டாம் உலகப் போருக்குப் பின், யாமகாட்டா மலைக்கிராமப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியர். அன்றாட வாழ்க்கையையே கவிதையாகவும் கட்டுரையாகவும் எழுதச் சொல்லி, ‘கிகான்ஷா’ என்ற வகுப்பிதழில் சேர்த்தார். 1951-ல் அவை நூலாகி நாடே படித்தது. ஊருக்குள்ளோ, நம் வறுமையைச் சந்தியில் வைத்துவிட்டாரே என்ற மனக்கசப்பு எழுந்தது. பகிர்வதில் உள்ள சிக்கல் இது. எதை வகுப்பில் படிப்பது, எதை நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழில் குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் எழுதியது ஏராளம். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் பிறந்தது, 1972-ல் அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு ‘கோகுலம்’ வந்தது. இப்போது தமிழக அரசுப் பள்ளிகளில் 4, 5-ஆம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’ என்று 2022 முதல் இதழ்கள் வருகின்றன. மாணவர் படைப்புக்கும் இவற்றில் இடமுண்டு. ஆனால் மாநிலம் முழுக்கப் போகும் இதழில் எத்தனை பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடும்? மிச்சப் பேருக்கு வகுப்புச் சுவர்தான் பத்திரிகை.

2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது இதே மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில். தெருத்திண்ணையிலும் வகுப்பு நடத்த முடியும் என்று காட்டிய திட்டம் அது. கவிதைக்கும் அவ்வளவு இடம் போதும். வாரத்தில் ஒரு பாடவேளை, மார்க் கிடையாது, பரிசு கிடையாது. ஒரு பிள்ளை படிக்கும், மற்றவர்கள் கேட்பார்கள், பிடித்த வரியைத் திருப்பிச் சொல்வார்கள். பருவமழையில் அளம் முழுகி, வீட்டில் வருமானம் நின்றுபோகும் மாதங்களைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கேட்டால் பிள்ளைகளே சொல்வார்கள்.