திறக்கும் முன்னே

"தொறந்து பாத்துட்டு மூடிட்டாவ." நெஞ்சில் புற்று வந்து யாராவது போய்ச் சேர்ந்தால் குமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம், முட்டம் பக்கம் முன்பெல்லாம் இப்படிப் பேச்சு எழும். டாக்டர் மேல் ஒரு மனக்குறை அதில் இருக்கும். நியாயம் பார்த்தால் அது அவர் குறையல்ல. நோய் எதுவரை போயிருக்கிறது என்பதை நெஞ்சைத் திறக்காமல் அறிய அன்று வழி கிடையாது.

பக்கத்து நெய்யூரில் 1838 முதலே மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் அங்கேதான் ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்தார். அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் ஐ.எம். ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். வாய்ப்புற்று கண்ணுக்குத் தெரியும். அது பரவிக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். விலா எலும்புக் கூட்டுக்குள் விரல் போகாது.

அதே 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எவார்ட்ஸ் கிரஹாம் புற்று கண்ட நுரையீரல் ஒன்றை முழுதாக எடுத்து வெற்றி கண்டார். முழுதாக எடுப்பது அவர் திட்டமே அல்ல. நுரையீரலின் ஒரு மடலை மட்டும் எடுக்கத்தான் உள்ளே போனார். திறந்த பிறகுதான் அது போதாது என்று தெரிந்தது. மேசையிலேயே முடிவை மாற்றினார். நோயாளியும் ஒரு மருத்துவர்; கிரஹாமுக்குப் பின்னும் வாழ்ந்தார். கிரஹாம் 1957இல் நுரையீரல் புற்றிலேயே இறந்தார்.

  

அன்று கையிலிருந்த எக்ஸ்ரே ஒரு நிழலைக் காட்டியது, அவ்வளவுதான். காசநோய்த் தழும்பும் நிழல்தான், புற்றும் நிழல்தான். 1971இல் வந்த சி.டி. ஸ்கேன் பின்னாளில் உடலைத் துண்டு துண்டாகக் காட்டத் தொடங்கிய பிறகு, மூச்சுக்குழாய் ஓரத்து நெறிக்கட்டிகளை அளக்க முடிந்தது. குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். ஆனால் வெறும் சளிக்காய்ச்சலிலும் நெறி வீங்கும். புற்று புகுந்த நெறி சிறிதாகவும் இருக்கும்.

பெரிய மாற்றம் பெட் ஸ்கேனோடு வந்தது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தினால், அதை அதிகமாக உறிஞ்சும் இடங்கள் ஒளிரும். நெதர்லாந்தின் 9 ஆஸ்பத்திரிகளில் 188 பேரிடம் நடந்த சோதனை 2002இல் வெளியானது: வழக்கமான பரிசோதனை மட்டும் செய்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு அறுவை வீணாயிற்று; பெட் ஸ்கேனும் சேர்த்துச் செய்தவர்களில் அது 21 ஆகக் குறைந்தது. எத்தனை பேரை அறுத்தோம் என்பதை விட எத்தனை பேரை வீணாக அறுக்காமல் விட்டோம் என்பதே இந்தப் படங்களின் பெருமை என்பேன்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. காசநோய் நெறியும் அதே சர்க்கரையை உறிஞ்சி ஒளிரும். படகின் எக்கோ சவுண்டர் திரையில் மீன்கூட்டம் தெரிந்தாலும், சாளையா நெத்திலியா என்பது வலை ஏறிய பிறகுதானே உறுதி? அதனால்தான் மூச்சுக்குழாய் வழியே ஊசி விட்டு, ஒளிர்ந்த நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கிறார்கள். "பரவிட்டு" என்று ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டே வீட்டில் அழத் தொடங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளை இயல்பாகவே சர்க்கரையை விழுங்குவதால் அங்கே பெட் அவ்வளவு உதவாது, அதற்கு எம்.ஆர்.ஐ. தனி.

இப்போதைய தேடல் இன்னும் நுணுக்கமானது. கட்டியிலிருந்து உதிரும் புற்றணுக்கள் பக்கத்துக் காற்றறைகளில் சிதறிக் கிடப்பதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதையும் பரவலின் ஒரு வகையாக ஏற்றது. 2 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிக்கு மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதுமா என்ற கேள்வியில் இது முக்கியம்: இப்படிச் சிதறியிருந்தால், கொஞ்சமாக வெட்டியவர்களுக்கு நோய் திரும்ப வாய்ப்பு கூடுதல். சி.டி.யில் புகைமூட்டம் போன்ற பகுதி குறைந்து திடப்பகுதி கூடியிருந்தால் சந்தேகப்படலாம் என்கிறார்கள். கண்ணுக்கு எட்டாத படக்கூறுகளைக் கணினியிடம் கொடுத்து முன்கூட்டியே சொல்ல வைக்கவும் முயல்கிறார்கள். உறுதிச் சொல் இன்னும் நுண்ணோக்கியிடம்தான். அது வருவதோ அறுவை முடிந்த பிறகு.