கீறலும் வளைவும்

கண்புரை அறுவை நடந்து முடிந்துவிட்டது. மங்கிய லென்சு போய், தெளிவான செயற்கை லென்சு கண்ணுக்குள் அமர்ந்தாயிற்று. ஆனாலும் முதியவர், "சன்னலின் நெடுங்கம்பிகள் நன்றாகத் தெரிகின்றன, குறுக்குக் கம்பிகள்தாம் கலங்கலாக உள்ளன" என்கிறார். புரையை எடுத்த பிறகு இந்தக் கலக்கம் எங்கிருந்து வந்தது?

கருவிழியின் முன்னால் கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கிறதே கார்னியா, அங்கே பாருங்கள். கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் 43 கார்னியாவின் பங்கு. (லென்சுதான் எல்லாம் செய்கிறது என்று எழுதும் மாணவர்கள் கவனிக்க!) அதன் வளைவு ஆரத்தை மில்லிமீட்டரில் அளந்து, 337.5ஐ அந்த எண்ணால் வகுத்தால் திறன் கிடைக்கும். மேல்கீழாக ஆரம் 7.7 மி.மீ., பக்கவாட்டில் 7.5 மி.மீ. என்று கொள்வோம். திறன்கள் 43.8, 45. ஆரத்தில் 0.2 மி.மீ. வேறுபாடு, திறனில் 1.2 டயாப்டர் வேறுபாடு! நெடுங்கோடும் குறுக்குக்கோடும் ஒரே தொலைவில் குவிவதில்லை. இக்குறைதான் பார்வைச் சிதறல்.

பழைய முறையில் கார்னியாவின் மேல் விளிம்பில் சுமார் 10 மி.மீ. நீளம் கீறி, புரையை எடுத்தபின் தைப்பார்கள். தையல் இறுகினால், ரப்பர் பந்தை மேலும் கீழும் அமுக்கியதுபோல் மேல்கீழ் வளைவு கூடும். பக்கவாட்டு வளைவு குறையும். பின்னர் தையல் தளர, காயம் சற்றே நெகிழ, எல்லாம் தலைகீழாகும். நம் முதியவரின் நிலை இதுதான். அறுவைக்குப்பின் கண்ணாடி எழுதித் தரச் சில வாரங்கள் பொறுப்பதும் இதனால்தான்.

கீறிய திசை தட்டையாகுமென்றால், கூடுதலாக வளைந்த திசையிலேயே கீறினால் என்ன? கண் சோதனை எழுத்துப் பலகையைத் தந்த டச்சு மருத்துவர் ஸ்நெல்லன் 1869இலேயே இவ்வழியைச் சொன்னார். நல்ல யோசனை, ஆனால் பெரிய கீறலின் விளைவை அளந்து ஆள்வது கடினம். பல் மருத்துவரின் மீயொலிக் கருவியைக் கண்ட அமெரிக்கர் சார்லஸ் கெல்மன், 1967இல் புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் முறையைக் கொணர்ந்தார். இன்று 3 மி.மீ.க்கும் குறைந்த கீறல் போதும். பெரும்பாலும் தையலே இல்லை. மீயொலிக் கருவியின்றி, தானே மூடிக்கொள்ளும் சுமார் 6 மி.மீ. கீறல் வழியே செய்யும் மலிவான முறையும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் நடக்கிறது.

முன்பிருந்தே சிதறல் மிகுந்திருந்தால், இரு திசைகளில் இரு திறன் கொண்ட லென்சைப் பொருத்தலாம். ஆனால் அது உள்ளே திரும்பிவிடக் கூடாது. எஞ்சும் பிழை, முதற்பிழையை 2 சைன் θஆல் பெருக்கியதற்குச் சமம். Θ என்பது லென்சு திரும்பிய கோணம். 10 பாகை திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு பிழை மீளும். 30 பாகை திரும்பினால்? நீங்களே கணக்கிடுங்கள்.