ஒதுக்கிய இடம்

உத்தியோகத்தின் பொருட்டு டில்லியிலும் மும்பையிலும் கோல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர் பலருக்கு, ஆங்காங்கே வழங்கும் மொழியில் எழுதப்பட்ட அறிவிப்புப் பலகைகளைப் படிப்பது எளிதன்று. ஆயினும் ஒரு பலகைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. நீலப் பரப்பில் வெண்ணிறக் கோடுகளால் சக்கர நாற்காலியும் அதில் அமர்ந்த உருவமும் தீட்டப்பட்டிருக்கும். 1968-ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன்னா கோஃபெட் என்னும் மாணவி வரைந்த சின்னம் அது. அவர் வரைந்தது வெறும் நாற்காலியே. தலையைக் குறிக்கும் வட்டம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. வாகனம் நிறுத்துமிடங்களில் இச்சின்னம் தீட்டிய கட்டங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பலகையின் பொருள் எல்லார்க்கும் விளங்கியும், அக்கட்டங்களில் நன்றாக நடக்க வல்லவர்களின் கார்கள் நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

"வாயிலுக்கு அருகே இடம் தருவது ஒரு சலுகைதானே? ஐந்து நிமிடம் நான் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்போர் உண்டு. கட்டத்தின் அளவை அறியாமையால் எழும் கேள்வி இது. சாதாரணக் காருக்கு ஒதுக்கப்படும் அகலம் சுமார் 2.5 மீட்டர். மாற்றுத்திறனாளிகளுக்குரிய கட்டத்திற்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வகுத்துள்ள அகலமோ குறைந்தது 3.6 மீட்டர். கட்டடத்தின் வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அது அமைய வேண்டும் என்றும் அந்நெறிகள் கூறுகின்றன. ஏறக்குறைய மூன்றரை அடியாகிய இந்த அதிகப்படி அகலம் எதற்கு? கார்க் கதவை முழுவதும் திறக்க வேண்டும். சக்கர நாற்காலியை விரித்துக் காரின் இருக்கையை ஒட்டி நிறுத்த வேண்டும். பிறகு கைகளை ஊன்றி, உடலை ஓர் இருக்கையிலிருந்து மற்றோர் இருக்கைக்கு மாற்ற வேண்டும். அகலம் இல்லையேல் இறங்கவே முடியாது. வாயிலுக்கு அருகே இருப்பதை வேண்டுமானால் சலுகை எனலாம். அகலத்தை அவ்வாறு கூற இயலாது.

என் அலுவலக நண்பர் ஒருவர் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் வலுவை இழந்தவர். கைகளாலேயே இயக்குமாறு மாற்றியமைத்த காரைத் தாமே ஓட்டிச் செல்வார். ஒரு மாலை, மருத்துவமனை ஒன்றிலிருந்து வெளியே வந்து பார்த்தால், அவருடைய காருக்குப் பக்கத்தில் கோடிட்டு ஒழித்து விடப்பட்டிருந்த பகுதியில் வேறொரு கார் நுழைந்து நின்றிருந்தது. கையில் சாவி இருந்தது, கண்ணெதிரே கார் இருந்தது, ஏற வழியில்லை. ஒன்றரை மணி நேரம் அவ்விடத்திலேயே காத்திருந்தார். அதன் பிறகு வந்த காருக்கு உரியவர் பண்பாகவே மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் அன்று முதல் நண்பர் அந்த மருத்துவமனைக்குத் தனியே செல்வதில்லை. மகன் விடுப்பு எடுக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்.

நம் நாட்டில் காரைவிட மிகுதியாகக் காணப்படுவது பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர். அதைப் பின்னோக்கி நகர்த்த வேண்டுமானால் காலை ஊன்றித் தள்ள வேண்டும்; ஓட்டுபவருக்கோ அதுதான் இயலாது. ஆகையால் அதற்கும் அகலமான, நேரே வெளியேறத்தக்க இடம் வேண்டும். கட்டத்தில் நிற்பது கார் அன்று, ஒரு மோட்டார் சைக்கிள்தானே என்று எண்ணுவோர் இதைக் கருதுவதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் 2.68 கோடி, அவர்களுள் நடமாட்டக் குறையுடையோர் மட்டும் 54 லட்சம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலால் சொற்களைப் பற்றியும் சிறிது கூறலாம் அல்லவா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டியை 'இன்வாலிட் கேரியேஜ்' என்றே குறித்தது. அம்முதற்சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'செல்லாதது' என்றும் ஒரு பொருள் உண்டு! 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீங்கி, 'தகவமைத்த வாகனம்' எனப் பொருள்படும் சொல் வந்தது. நம் தமிழிலும் 'ஒதுக்குதல்' என்பதற்கு, ஒருவருக்கென எடுத்து வைத்தல், ஒருவரை விலக்கி வைத்தல் என இரு பொருள்கள் உண்டு. முதற்பொருளில் ஒதுக்கிய இடத்தைப் பிறர் பிடித்துக்கொண்டால், உரியவர் இரண்டாம் பொருளில் ஒதுக்கப்படுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் வாகனம் நிறுத்துமிடமும் உரிய தரத்தில் அமைய வேண்டும் என வெளிப்படையாகவே கூறுகிறது. அவர்களுக்குரிய பயனை மோசடியாகப் பெறுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் இடம் உண்டு. ஆனால் அப்பிரிவு பொய்ச் சான்றிதழ் காட்டுவோரை எண்ணி எழுதப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. கார் நிறுத்துபவரோ எந்தச் சான்றிதழையும் காட்டுவதில்லை, கேட்பாரும் இல்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. காரை விட்டு இறங்கி நடப்பவர் ஒருவரைக் கண்டவுடன் ஏமாற்றுக்காரர் என்று முடிவு செய்துவிடலாகாது. செயற்கைக் கால் காற்சட்டைக்குள் மறைந்திருக்கும். இருதய நோய் முகத்தில் தெரியாது. இங்கிலாந்தில் இத்தகையோருக்கென வழங்கும் நீல அட்டையை, வெளியே தெரியாத குறைபாடுடையோருக்கும் 2019-ஆம் ஆண்டில் விரிவுபடுத்தினார்கள். ஆகவே அந்த மனிதரோடு வாதிடுவதைவிட, நிறுத்துமிடத்தின் காவலரிடம் விசாரிப்பதே முறை.

ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் தாய் தந்தையரின் முழங்கால் வலியைக் காரணம் காட்டி அக்கட்டத்தில் காரை நிறுத்துவோரும் நம்மிடையே உள்ளனர். வலி மெய்யே. ஆனால் கைத்தாங்கலாக நடக்க வல்ல முதியவரை வாயிலிலேயே இறக்கிவிட்டு, காரைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தலாம். திரும்பும்போதும் அவ்வாறே வாயிலில் ஏற்றிக்கொள்ளலாம். முதியவர் காரிலேயே இல்லாத நாளிலும் அவ்விடத்தை நாடுவதற்கு என்ன சமாதானம் கூறுவது?

குறை தெரிவிக்க விரும்புவோருக்காக, டில்லியில் தலைமை ஆணையரும் மாநிலந்தோறும் ஓர் ஆணையரும் இச்சட்டத்தின்படி அமைந்துள்ளனர். கடிதத்தில் இடம், தேதி, நேரம், வாகன எண் ஆகியவற்றைக் குறிப்பதோடு, நீலச் சின்னமும் வண்டியும் ஒருங்கே தெரியும்படி எடுத்த படத்தையும் இணைத்தல் நன்று. கட்டமே இல்லாத கட்டடமாயின், அதையும் தனியே எழுதலாம்.