கணிப்பொறிப் பணியாளரின் இருக்கையும் உடல்நலமும்

பெங்களூர் நெடுங்காலமாகவே தொழில் நகரமாக விளங்கி வருகிறது. 1940 இல் விமானத் தொழிற்சாலையும், 1948 இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953 இல் இயந்திரக் கருவித் தொழிற்சாலையும் இங்குத் தோன்றின. அத்தகைய ஆலைகளின் அபாயங்கள் கண்ணுக்குப் புலப்படுபவை: சுழலும் சக்கரம், காய்ச்சிய உலோகம், தெறிக்கும் துகள். 1985 இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் கால்கொண்ட பின்னர்க் கணிப்பொறித் தொழில் விரைந்து வளர்ந்தது. இன்று பல லட்சம் பேர் இங்கு நாற்காலியில் அமர்ந்தபடியே பணிபுரிகின்றனர். இவர்களுக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என்று சிலர் வினவலாம்.

இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1713 இலேயே இதற்கு விடை கூறியுள்ளார். எழுத்தர்களின் நோய்களுக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், மனத்தின் ஓயாத உழைப்பு. இறகுப் பேனா மறைந்து விசைப்பலகை வந்துவிட்டது, காரணங்களோ மாறவில்லை.

நோவு தோன்றும் விதம்

மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது இப்பாரத்தை முதுகெலும்பு தாங்குகிறது. தலை முன்னோக்கிச் சாயுமாயின், கழுத்துத் தசைகள் அதனை ஓயாமல் இழுத்துப் பிடிக்க நேரிடுகிறது. இறுகியே நிற்கும் தசையில் இரத்த ஓட்டம் குன்றுகிறது. களைப்பும் வலியும் விளைகின்றன.

மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியூடே ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. மணிக்கட்டு வளைந்த நிலையில் நெடுநேரம் இருப்பின் அந்நரம்பு நெருக்குண்டு, கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரமரப்பு உண்டாகலாம். திரையை உற்று நோக்குவோர் கண் இமைப்பதும் குறைவதால் கண்கள் உலர்ந்து எரிகின்றன.

அளவு யாருக்கு?

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அவ்வுயரமுள்ள ஒருவரின் பாதம் தரையில் படிய வேண்டுமாயின், இருக்கை ஏறத்தாழ 40 செ.மீ. உயரத்தில் அமைதல் வேண்டும். அப்பொழுது அவரது முழங்கை தரையிலிருந்து 60 செ.மீ. அளவில் இருக்கும். அலுவலக மேசையோ பெரும்பாலும் 75 செ.மீ. உயரமுள்ளது. இருக்கையை உயர்த்தினால் கால் தொங்கும். உயர்த்தாவிடில் தோள் தூக்கி நிற்கும். விலையுயர்ந்த நாற்காலியும் இச்சிக்கலைத் தனியே தீர்க்காது. இருக்கையை உயர்த்திக் காலடியில் ஒரு பலகை வைத்தால் போதும். இதனை அறிய நாற்காலியை மட்டுமன்று, அதில் அமர்பவரையும் அளக்க வேண்டும்.

பணியிட மதிப்பீடு என்பது இதுவே. 1993 இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு மதிப்பீட்டு முறை வெளியிடப்பட்டது. பணியாளர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவரது கழுத்து, தோள், மணிக்கட்டு ஆகியவற்றின் சாய்வைக் கண்டு எண்ணிட்டு, எந்த அளவுக்கு விரைவாக மாற்றம் தேவை என்பதை அது காட்டுகிறது. ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய ஆய்வை நிர்வாகத்தின் கடமையாக்கும் விதி 1990 இல் பிறந்தது.

கவனிக்க வேண்டியவை

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுத் தாழவோ அமையட்டும். திரை ஒரு கை நீளத் தொலைவில் இருத்தல் நன்று. முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்திலும் மணிக்கட்டு நேராகவும் இருக்க வேண்டும். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்திருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று பிழையாகிறது. 2020 முதல் வீட்டிலிருந்து பணிபுரிவோர் பெருகியுள்ளமையால் இது முக்கியமாகும். சில புத்தகங்களை அடுக்கித் திரையை உயர்த்தி, தனி விசைப்பலகையைப் பயன்படுத்துவது எளிய பரிகாரம்.

எவ்வளவு செம்மையாக அமர்ந்தாலும் அசையாதிருத்தல் தீதே. அரைமணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், தொலைவிலுள்ள பொருளை நோக்கிக் கண்ணுக்கு ஓய்வளிப்பதும் பயன்தரும். விரல்களில் மரமரப்போ, இரவில் கைவலியோ தோன்றினால் அதனைச் சாதாரணக் களைப்பெனத் தள்ளிவிடலாகாது. தொடக்கத்தில் மேசையை மாற்றியும் பழக்கத்தைத் திருத்தியும் தீர்க்கக்கூடிய துன்பம், கவனியாது விட்டால் நரம்பின் நிலையான ஊறாக முடியலாம். ஆதலின் அறிகுறி கண்டவர் மருத்துவரையும் மேலதிகாரியையும் அப்பொழுதே அணுகுதல் வேண்டும்.