அறிவிப்புப் பலகை அஞ்சல் வலைகளின் பதிகைக் கோப்புகளைப் பகுத்தாய்தல்: தமிழ் மின்தரவு ஆய்வாளருக்கான ஒரு வழிமுறை விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையம் பொதுமக்களுக்கு எட்டுவதற்கு முன்னர்த் தொலைபேசி வழியாகக் கணினிகள் தமக்குள் அஞ்சல் பரிமாறிக்கொண்ட அமைப்பு ஃபிடோநெட் ஆகும். அவ்வலையின் கணுக்களில் எஞ்சியுள்ள பதிகைக் கோப்புகளை ஆய்வுத் தரவாகப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பகுப்பாய்வுக் கருவி தரும் எண்களை அப்படியே ஏற்பதால் நேரும் மூன்று பிழைகளும் (ஒரே செய்தியைப் பன்முறை எண்ணுதல், நாளையும் ஆண்டையும் தவறாகக் கணித்தல், தமிழ் எழுத்தின் சிதைவை அறியாதிருத்தல்) அவற்றைக் களையும் வழிகளும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஃபிடோநெட், பதிகைக் கோப்பு, எக்கோமெயில், இரட்டிப்பு நீக்கம், எழுத்துக் குறியாக்கம், புள்ளி.

1. முன்னுரை

தமிழ் மின்னுலகின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1990களின் பிற்பகுதியிலிருந்தே தொடங்குகின்றனர். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாடும் அவ்வரலாற்றின் அறியப்பட்ட எல்லைக்கற்கள். இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையை வழங்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15ஆம் நாளாகும். அதற்கு முன்பே மும்பை, பெங்களூரு முதலிய நகரங்களில் தனியார் சிலர் தம் கணினியையும் ஒரு தொலைபேசி இணைப்பையும் கொண்டு அறிவிப்புப் பலகைகளை நடத்தினர்.

இக்காலப் பரிமாற்றங்களின் உள்ளடக்கம் பெருமளவு அழிந்துவிட்டது. நெகிழ்வட்டுகள் பூஞ்சை பிடித்தன, வன்வட்டுகள் கழிக்கப்பட்டன. செய்திகள் மறைந்த இடத்திலும் அவை சென்று வந்ததைக் குறித்த பதிகைக் கோப்புகள் சில வேளைகளில் எஞ்சுகின்றன. சிமெண்ட் ஆலையின் வாயிலில் லாரிகளுக்கு வழங்கப்படும் எடைமேடைச் சீட்டுடன் இதனை ஒப்பிடலாம். எந்த லாரி, எப்போது, எவ்வளவு சுமையுடன் வெளியேறியது என்பதைச் சீட்டு காட்டும். அந்தச் சிமெண்டால் எழுந்த வீட்டைக் காட்டாது. இவ்வரம்பை உணர்ந்து பயன்படுத்தினால் பதிகைக் கோப்பு நம்பத்தகுந்த முதன்மைச் சான்றாகும்.

2. வலையின் அமைப்பு

ஃபிடோநெட் 1984இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. கணுவின் முகவரி மண்டலம், வலை, கணு என்னும் மூன்று எண்களால் அமையும். கணுவைச் சார்ந்த பயனர் கணினிக்குப் புள்ளி எண் எனும் நான்காம் எண்ணும் உண்டு. வட அமெரிக்கா 1, ஐரோப்பா 2, ஓசியானியா 3, இலத்தீன் அமெரிக்கா 4, ஆப்பிரிக்கா 5, ஆசியா 6 என மண்டலங்கள் பகுக்கப்பட்டிருந்தன.

ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் தனி அஞ்சல் நெட்மெயில் எனவும், பலரும் படிக்குமாறு கணுதோறும் படியெடுத்துப் பரப்பப்படும் குழு அஞ்சல் எக்கோமெயில் எனவும் வழங்கின. கணுவில் இரண்டு மென்பொருள்கள் இன்றியமையாதவை. தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி அஞ்சல் கட்டுகளைக் கொடுத்து வாங்குவது மெய்லர். வந்த கட்டைப் பிரித்துச் செய்திகளை உரிய குழுக்களில் இட்டு, அடுத்த கணுக்களுக்குப் புதிய கட்டுகளைக் கட்டுவது டாசர். இவ்விரண்டும் தத்தமக்கெனப் பதிகைக் கோப்புகளை எழுதும். மெய்லரின் பதிகை போக்குவரத்தைச் சொல்லும். டாசரின் பதிகை செய்தி எண்ணிக்கையைச் சொல்லும். இரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றாகக் கூட்டுவதே தொடக்கநிலை ஆய்வாளரிடம் மிகுதியாகக் காணப்படும் குழப்பமாகும்.

3. பகுப்பாய்வுக் கருவி செய்வது என்ன?

பதிகைப் பகுப்பாய்வுக் கருவி எதுவாயினும் அதன் பணி நான்கு படிகளில் அமையும். முதலாவது, ஒவ்வொரு வரியையும் குறி, நாள், நேரம், நிகழ்வு எனக் கூறுபடுத்துதல். பல மெய்லர்களில் வரியின் முதற்குறியே அவ்வரியின் தன்மையைச் சுட்டும்.  இரண்டாவது, ஓர் அழைப்பிற்கு உரிய வரிகளை ஒரே அமர்வாகத் தொகுத்தல். மூன்றாவது, அமர்வுகளைக் கணுவாரியாகவும் நாள்வாரியாகவும் கூட்டுதல். நான்காவது, அட்டவணையாக அளித்தல். எக்கோமெயில் குழுக்களின் புள்ளிவிவரத்தைத் தொகுக்க ஹஸ்கி மென்பொருள் தொகுப்பில் ஏரியாஸ்டாட் எனும் கருவி உள்ளது. ஆய்வுத் தேவைக்கெனப் பைத்தான் அல்லது பெர்ல் மொழியில் சிறு நிரலை ஆய்வாளரே எழுதிக்கொள்வதும் இயலும்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு மாதிரியை அமைத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் ஒரு கணு இருப்பதாகவும், அது சிவகாசிக் கணுவிடமிருந்தும், சிவகாசி மதுரையிடமிருந்தும் அஞ்சல் பெறுவதாகவும் கொள்க. இவ்வமைப்பும் இதன் எண்களும் கற்பனையே.

ஓரிரவில் ஆலங்குளம் சிவகாசியை மூன்று முறை அழைக்கிறது. இரண்டு முறை இணைப்புக் கிட்டவில்லை. மூன்றாம் முறை 260 நொடிகளில் 59,800 பைட்டுகள் வந்து சேர்கின்றன. இதன் வேகம் நொடிக்கு 230 பைட்டுகள். நொடிக்கு 2400 பிட்டுகள் கடத்தும் மோடத்தில், ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகள் உட்பட 10 பிட்டுகள் தேவைப்படுவதால், உச்ச வேகம் நொடிக்கு 240 எழுத்துகளே. எனவே அன்றைய இணைப்பு நன்றாக இருந்தது எனலாம். இதே கணக்கு வேறொரு நாளில் 120 என வருமாயின் தொலைபேசித் தடத்தில் இரைச்சல் மிகுந்து பகுதிகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டன என்று கருத இடமுண்டு. தொலைபேசி உள்கட்டமைப்பின் வரலாற்றை ஆராய்வோருக்கு இத்தகைய எண்கள் பெரிதும் பயன்படும்.

4. முதற்பிழை: ஒரு செய்தியைப் பன்முறை எண்ணுதல்

அதே இரவில் டாசரின் பதிகை, வந்த செய்திகள் 48 எனவும், அவற்றுள் இரட்டிப்பு 5, குழு அறியப்படாதவை 2, புதியவை 41 எனவும் காட்டுவதாகக் கொள்க. அப்புதிய செய்திகள் இரண்டு புள்ளிகளுக்கு அனுப்பப்பட்டமையால் அனுப்பியவை 82 எனவும் காட்டும். வந்தவற்றையும் அனுப்பியவற்றையும் கூட்டி, 130 செய்திகள் பரிமாறப்பட்டன என எழுதுவது கணினியின் உழைப்பைக் கூறுமேயன்றி மக்களின் உரையாடலைக் கூறாது. மூன்று ஊர்களின் பதிகைகளும் கிடைத்து, ஒவ்வொன்றிலும் அதே 41 செய்திகள் புதியவையாகப் பதிவாகியிருப்பின் கூட்டுத்தொகை 123 ஆகும். உண்மையில் எழுதப்பட்டவை 41 மட்டுமே.

சிவகாசியிலிருந்து புறப்படும் நாள்காட்டிக் கட்டு ஒவ்வொரு லாரி அலுவலகத்தின் பேரேட்டிலும் பதியப்படும். மூன்று பேரேடுகளைக் கூட்டி மூன்று கட்டுகள் என்பார் எவருமிலர். கட்டின்மீதுள்ள குறியெண்ணையே நோக்குவர். எக்கோமெயிலில் அக்குறியெண்ணாக அமைவது ‘எம்எஸ்ஜிஐடி’ எனும் மறைவரியாகும். எழுதிய கணுவின் முகவரியும் எட்டு பதினறும இலக்கங்களாலான தொடரெண்ணும் அதில் இருக்கும். ஒரு கணு தன் தொடரெண்ணை மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் வழங்கலாகாது என்பது ஃபிடோநெட் தரநெறி. ஆகவே மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட தொகுப்பில் அடையாள எண்ணோடு நாளையும் சேர்த்தே ஒப்பிடுதல் வேண்டும். பதிகையில் மட்டும் இவ்வடையாளம் பெரும்பாலும் இராது. செய்தித்தளமும் கிடைத்தால்தான் இரட்டிப்பை முழுமையாக நீக்கலாம். அது கிடைக்காதபோது, ஒரே ஒரு கணுவின் ‘புதியவை’ எண்ணிக்கையை மட்டும் எடுத்தாண்டு, அவ்வாறு செய்தமையை ஆய்வேட்டில் குறிப்பிடுவதே நேர்மையான வழி.

செய்தியின் அடியில் அமையும் ‘சீன்-பை’, ‘பாத்’ எனும் வரிகளையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முன்னது அச்செய்தி எக்கணுக்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டது என்பதையும், பின்னது கையிலுள்ள படி எக்கணுக்களின் வழியே வந்தது என்பதையும் காட்டும். தொடர்பு வலைப்படம் வரைவோர் பின்னதையே கொள்ளவேண்டும்.

5. இரண்டாம் பிழை: நாளும் ஆண்டும் ஊரும்

பல பதிகைகளில் நாளும் மாதமும் உண்டு, ஆண்டு இல்லை. ஆண்டை உறுதிசெய்யக் கணுப்பட்டியல் துணைசெய்யும். வெள்ளிக்கிழமைதோறும் வெளிவந்த இப்பட்டியலின் கோப்புப் பெயரில், அவ்வெள்ளி அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்னும் எண் அமைந்திருக்கும். பதிகையில் 015 எனும் பட்டியல் பெறப்பட்டதாகக் குறிப்பிருப்பின், சனவரி 15 வெள்ளியாக அமைந்த ஆண்டே அது. 1988 முதல் 1999 வரை அவ்வாறு அமைந்தவை 1988, 1993, 1999 ஆகிய மூன்றே. மோடத்தின் வேகமும் மென்பொருளின் பதிப்பெண்ணும் இம்மூன்றுள் ஒன்றைத் தெரிவுசெய்ய உதவும்.

ஒவ்வொரு மண்டலத்திற்கும் எல்லாக் கணுக்களும் அழைப்பிற்குக் காத்திருக்கவேண்டிய ஓர் அஞ்சல் நேரம் உண்டு. ஆசிய மண்டலத்திற்கு அது உலகப் பொது நேரம் 20:00 முதல் 21:00 வரை இருந்தது. இந்திய நேரப்படி பின்னிரவு 1:30 முதல் 2:30 வரை. எனவே உலக நேரத்தில் திங்கள் எனக் குறிக்கப்பட்ட அமர்வு இந்தியக் கணுவின் பதிகையில் செவ்வாயாக இருக்கும். இலங்கைத் தரவில் கூடுதல் கவனம் தேவை. அந்நாடு 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தி, அக்டோபரில் அரைமணி பின்னகர்த்தி, 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்தோடு மீண்டும் ஒன்றியது.

ஊர்ப்பெயரும் ஏமாற்றவல்லது. ஆலங்குளம் என்னும் பெயரில் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊரும், இன்றைய தென்காசி மாவட்டத்தில் மற்றோர் ஊரும் உள. தென்காசி 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. இன்றைய விருதுநகர் மாவட்டமோ 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் காமராசர் பெயரால் வழங்கி, 1997இல் இப்பெயர் பெற்றது. ஆகவே கணுப்பட்டியலின் ஊர்ப்பெயரைத் தனித்துக் கொள்ளாது, வலை எண்ணோடும் தொலைபேசிக் குறியீட்டோடும் இணைத்தே இடத்தை உறுதிசெய்தல் வேண்டும்.

6. மூன்றாம் பிழை: புள்ளி இழந்த தமிழ்

தமிழாய்வாளருக்கு மிக இன்றியமையாதது இப்பகுதி. ஃபிடோநெட்டின் அடிப்படைத் தரநெறி, 141 எனும் மதிப்புடைய பைட்டை ‘மென்வரிமுறிவு’ எனக் கொண்டு புறக்கணிக்கச் சொல்கிறது. ஆங்கிலத்திற்கு இதனால் தீங்கில்லை. இரசிய மொழியினர் பயன்படுத்திய 866ஆம் குறிப்பக்கத்திலோ, நகர ஒலிக்குரிய பெரிய எழுத்தின் மதிப்பு 141. அவ்வெழுத்து வழியிலேயே மறைந்தமையால், வடிவொத்த இலத்தீன் எழுத்தை அதற்கு ஈடாகத் தட்டச்சிடும் வழக்கம் அவர்களிடையே பரவியது.

யுனிகோடு யு.டி.எஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். முதலாவது எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175. மெய்யெழுத்தின் புள்ளிக்குரியவை 224, 175, 141. பழைய மென்பொருள் வழியே செல்லும் யுனிகோடு தமிழில் பறிபோவது புள்ளியின் மூன்றாம் பைட்டே. ‘தமிழ்’ எனும் சொல் 15 பைட்டுகளாகப் புறப்பட்டு 14 பைட்டுகளாகச் சேரும். இறுதியில் புள்ளியின் இடத்தில் சிதைகுறி தோன்றும். இத்தகைய தொகுப்பில் ‘நூல்’ எனத் தேடினால் எதுவும் கிட்டாது. மெய்யீறு, மெய்ம்மயக்கம் குறித்த புள்ளிவிவரம் முற்றிலும் பொய்க்கும். அத்தொகுப்பைக் கொண்டு பயிற்றப்படும் எழுத்துப்பிழை திருத்தியும் அப்பிழையையே கற்கும்.

இழப்பு பெரிதெனினும் மீட்பு எளிது. தமிழ்க் குறித்தொகுதியில் 141இல் முடியும் பயன்பாட்டுக் குறி புள்ளி ஒன்றே. எனவே 224, 175 என்னும் இணையை அடுத்து, 128 முதல் 191 வரையிலான தொடர்பைட்டு வாராவிடின், அங்கே இழந்தது புள்ளி என ஐயமின்றித் துணியலாம். 141 நீக்கப்படாமல் வரிமுறிவாக, அதாவது 13ஆக, மாற்றப்பட்டிருப்பினும் இவ்விதி பொருந்தும். அந்த 13ஐ நீக்கி 141ஐ இடுதல் வேண்டும். ஆயின் திருத்தத்தை மூலக்கோப்பில் செய்யாது, படியில் மட்டுமே செய்து, திருத்திய இடங்களின் எண்ணிக்கையையும் பதிவுசெய்தல் முறை.

யுனிகோட்டுக்கு முற்பட்ட எண்பிட்டுத் தமிழ்க் குறியாக்கங்களுக்கு இவ்விதி செல்லாது. அவற்றில் 141 எனும் மதிப்பு குறியாக்கத்திற்கேற்ப வெவ்வேறு குறியை ஏற்கும். முதலில் குறியாக்கத்தை இனங்கண்ட பின்னரே மீட்பு முயற்சியில் இறங்கவேண்டும்.

7. ஆய்வறம்

ஃபிடோநெட் பயனர்கள் பெரும்பாலும் உண்மைப் பெயரிலேயே எழுதினர். கணுப்பட்டியலில் நடத்துநரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இடம்பெற்றன. நெட்மெயிலோ தனிமடல். எனவே பதிகையை வெளியிடுமுன் தனிமனிதர் பெயரையும் எண்ணையும் மாற்றுக்குறியால் மறைத்தலும், நெட்மெயில் வரிகளைக் கூட்டுத்தொகையாக மட்டும் அளித்தலும் கடமையாகும்.

8. முடிவுரை

பகுப்பாய்வுக் கருவி கணு நடத்துநரின் தேவைக்காக உருவானது. எக்கணு அழைக்கவில்லை, எக்குழு மிகுந்த செலவு வைக்கிறது என்பனவே அவர்தம் வினாக்கள். ஆய்வாளரின் வினா வேறு: யார் எழுதினர், எவ்வளவு எழுதினர், எம்மொழியில் எழுதினர் என்பன. கருவி தரும் எண்ணை அவ்வினாவுக்கு விடையாக்க, செய்தி அடையாளத்தால் இரட்டிப்பை நீக்குதல், கணுப்பட்டியலால் காலத்தையும் இடத்தையும் உறுதிசெய்தல், பைட்டுநிலையில் புள்ளியை மீட்டல் ஆகிய மூன்றும் வேண்டும். ஒவ்வோர் அஞ்சலிலும் வழித்தடமும் அடையாள எண்ணும் பொறிக்கும் யூஸ்நெட் செய்திக்குழுக்கள், தொடக்ககால மின்னஞ்சற் குழுக்கள் ஆகியவற்றின் தரவுக்கும் முதலிரு நெறிகள் பொருந்தும். பழைய கணினி ஒன்றைக் கழிக்குமுன் அதிலுள்ள பதிகைக் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது, ஓலைச்சுவடியைக் கரையானிடமிருந்து காப்பதற்கு நிகரான பணியே.