தினம் 60 ரூபாய்: புகையிலை வாங்கும் வட்டி

பல்லடத்துல இருந்து பேசறேன். புகையிலையால உடம்புக்கு என்ன ஆகும்னு பாக்கெட் மேலயே படம் போட்டிருக்கு. அதனால இன்னைக்கு நாம காசுக் கணக்கை மட்டும் பார்க்கலாம்.

பேக்கரியில டீயோட சேர்த்து ஒரு சிகரெட், சாயங்காலம் இன்னும் ரெண்டு. பத்து இருபதா போறதால கணக்குல வர்றதே இல்லை. நாளைக்கு 60 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் 1,800. வருஷத்துக்கு 21,900 ரூபாய்.

இந்த 1,800 ரூபாயை மாசாமாசம் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில போட்டா? 6.7 சதவீத வட்டியில 5 வருஷத்துல சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் கையில வரும். நீங்க கட்டினது 1 லட்சத்து 8 ஆயிரம்தான். இதையே 7 சதவீத வட்டியில 20 வருஷம் விட்டுவைச்சா 9 லட்சத்தைத் தாண்டிடும். பொண்ணோட காலேஜ் படிப்பு அதுல அடங்கிடும்ங்க.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத செலவு. நம்ம பக்கம் நிறைய குடும்பம் தறிக் கூலியை நம்பி இருக்கு. தறி ஓடினாத்தான் கூலி. வாய்ப் புற்றுநோயோ மாரடைப்போ வந்தா, தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சைச் செலவு கிடைக்கும். நல்ல திட்டம். ஆனா படுத்திருக்கிறவரோட கூலியையும், கூடவே துணைக்கு உட்கார்ந்திருக்கிறவரோட கூலியையும் யார் தருவாங்க? வட்டிக்கு வாங்கறது அங்கதான் ஆரம்பிக்குது.

நாட்டுக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்காங்க. 2017-18ல, 35 வயசுக்கு மேற்பட்டவங்களோட சிகிச்சை, இழந்த வருமானம், அகால மரணம் எல்லாம் சேர்த்து புகையிலையால ஆன இழப்பு 1,77,341 கோடி ரூபாய். மொத்த உள்நாட்டு உற்பத்தியில சுமார் 1 சதவீதம்.

"நான் புகைக்கிறதில்லை, மெல்லறது மட்டும்தான்"னு சிலர் சொல்வாங்க. டேர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்துல மெல்லற புகையிலையையும் கேட்கறாங்க. இருக்குன்னு சொன்னா பிரீமியம் கூடும். மறைச்சா, நாளைக்குக் குடும்பம் கிளெய்ம் கேட்கும்போது சிக்கல்.

சரி, இத்தனை வருஷம் ஆகிப்போச்சே, இனிமே விட்டு என்ன லாபம்? இங்கிலாந்துல டாக்டர்களையே 50 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2004ல வந்துச்சு. தொடர்ந்து புகைக்கிறவங்க சராசரியா 10 வருஷ ஆயுளை இழக்கறாங்க. 40 வயசுல விட்டவங்களுக்கு அதுல 9 வருஷம் திரும்பக் கிடைக்குது, 50ல விட்டா 6, 60ல விட்டாக்கூட 3. விட்டு ஒரே வருஷத்துல மாரடைப்பு அபாயமும் பாதியளவு குறையுதுங்க.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. விட்டாச்சுன்னா காசு தானா சேராது. வேற செலவுல கரைஞ்சிடும். விடற வாரத்துலயே ஆர்.டி. கணக்கை ஆரம்பிச்சிடுங்க. மாசம் 100 ரூபாயில இருந்தே போடலாம். முதல் சில வாரம் எரிச்சல், தூக்கமின்மை வரத்தான் செய்யும். அதுக்கு உதவி கேட்க 1800-11-2356ங்கிற கட்டணமில்லா எண் இருக்கு, டாக்டரையும் பார்க்கலாம்.

இன்னைக்கு ராத்திரி வீட்ல ஒரு தாளை எடுத்து, உங்க தினச் செலவை 365ஆல பெருக்கிப் பாருங்க. வர்ற தொகையை வீட்டுக்காரம்மாகிட்டயும் காட்டுங்க. அடுத்த பகுதியில சந்திக்கலாம்ங்க.